மே சாயில் ஒன்றரை மணி நேரம்

நவம்பர் 2, ஞாயிறு

முதலில் தேதி போட வேண்டும். பிறகு கிழமை. வளர்மதி டீச்சர் சொல்லிக் கொடுத்தது. போட்டுவிட்டேன்.

என் பெயர் மாயழகு. வயது எழுபத்திரண்டு என்று பாஸ்போர்ட்டில் இருக்கிறது. போன சித்திரை வரை நான் கைநாட்டு. கமிஷன் மண்டியில் மூட்டை தூக்கிய ஆள். மூட்டை மேல் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் தெரியாது. அரிசியா பருப்பா என்று தோள்தான் சொல்லும். இப்போது எங்கள் பர்மா காலனியில் முதியோர் வகுப்பு வைத்து, எனக்கும் எழுத்து வந்துவிட்டது. பாஸ்போர்ட் ஆபீசில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். நான் முழுப் பெயரும் போட்டேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

பயணம் போகிறவர் தினமும் எழுத வேண்டும், ஒரு வரியாவது எழுத வேண்டும் என்று டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்தார். போகிற இடம் தாய்லாந்து. மகள் செல்வராணியும் வருகிறாள். திருச்சியில் ஒரு டூர் கம்பெனி அழைத்துப் போகிறது. அவர்கள் கொடுத்த நோட்டீசை மூன்று தரம் படித்துவிட்டேன். யானை இருக்கிறது. படகு இருக்கிறது. வெள்ளைக் கோயில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், "மே சாய், தாய்லாந்தின் வடகோடி, படம் எடுக்கவும் பொருள் வாங்கவும் ஒன்றரை மணி நேரம்" என்று இருக்கிறது.

அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் நான் போகிறேன். மே சாயில் ஓர் ஆறு, ஒரு பாலம். பாலத்துக்கு அப்பால் பர்மா. அங்கே என் அக்கா வெள்ளையம்மா இருக்கிறாள்.

கை வலிக்கிறது. மீதி நாளை.

நவம்பர் 3, திங்கள்

அறுபத்து நாலில் நாங்கள் ரங்கூனில் கப்பல் ஏறினோம். அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாமா வீட்டார் வர மாட்டோம் என்றுவிட்டார்கள். எனக்கு அப்போது பதினோரு வயது. அதற்குப் பிறகு அக்காவைப் பார்க்கவில்லை. மாமா எப்போதோ இறந்துபோனார். இப்போது மகன் ராசையாவோடு தாச்சிலேக் என்ற ஊரில் இருக்கிறாள். அவன் அங்கே டயர் கடை வைத்திருக்கிறான். இரண்டு வருசமாய்த்தான் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோம்.

புரட்டாசியிலிருந்து அவள் படுக்கையில் இருக்கிறாள். வயிற்றில் கட்டி, இந்த வயதில் அறுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நாங்கள் அந்தப் பக்கம் போக அனுமதி இல்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் ஒரு நாள் சீட்டு வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வரலாம். பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை ராசையா அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பாலத்தில் தள்ளிக்கொண்டு வருவான். நான் இந்த முனையில் நிற்பேன். இதுதான் ஏற்பாடு.

அக்கா போனில் சொன்னாள்: "டேய் மாயா, இத்தன வருசத்துல பொறந்த வீட்டுல இருந்து ஒரு பொங்கச் சீர் உண்டாடா எனக்கு? வெறுங்கைய வீசிக்கிட்டு வந்தே, பாலத்துலயே திருப்பி அனுப்பிருவேன்."

எண்பது வயசுப் பேச்சா இது.

நவம்பர் 5, புதன்

சேலை எடுத்தோம். பச்சை உடம்பு, அரக்குக் கரை. பில்லை நானே படித்தேன். படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அந்த ஒரு நிமிசம் தோன்றியது.

நவம்பர் 8, சனி

விமானத்தில் எழுதுகிறேன். கீழே மேகம். மண்டியில் பஞ்சுப் பொதி பிரிந்து கிடந்த மாதிரி.

நவம்பர் 9, ஞாயிறு

பாங்காக்.

ஒரு வேடிக்கை. இந்த ஊரில் நான் மறுபடியும் கைநாட்டு ஆகிவிட்டேன். போர்டெல்லாம் ஜிலேபி பிழிந்த மாதிரி எழுத்து. ஆனால் இந்தத் தடவை நான் தனி ஆள் இல்லை. எங்களோடு வந்தவர்களில் ரிடையர்டு என்ஜினியர் நாகசுந்தரம் சார் இருக்கிறார். ஒரு காலேஜ் அம்மா இருக்கிறார். எங்களை அழைத்துப் போகும் பெலிக்ஸ் தம்பி நாலு பாஷை பேசுவார். அவர்கள் யாருக்கும் ஓர் எழுத்துத் தெரியவில்லை. கக்கூஸ் எது என்று பொம்மைப் படத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் போகிறார்கள். நாகசுந்தரம் சார் படத்தையும் சரியாகப் பார்க்காமல் பெண்கள் பக்கம் போய்த் திரும்பி வந்தார். எழுத்துத் தெரியாமல் பிழைப்பது எப்படி என்று அவர்களுக்கு நான் வகுப்பு எடுக்கலாம்.

இங்கே வீட்டுக்கு வீடு வாசலில் கம்பத்தின் மேல் குட்டி வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த மனையில் குடியிருக்கும் தெய்வத்துக்காம். அதற்கு முன்னால் சிவப்புக் கலர் பாட்டில் வைத்து, மூடியைத் திறந்து, உறிஞ்சு குழலும் போட்டிருக்கிறார்கள். நம் முனியனுக்குச் சாராயமும் சுருட்டும் வைப்போம். குழல் போட்டு வைக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை பாருங்கள். என்ன மரியாதை.

சாயங்காலம் அக்காவோடு பேசினேன். குழல் போட்ட கதையைச் சொன்னதும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. ராசையா போனை வாங்கிக்கொண்டான்.

நவம்பர் 10, திங்கள்

இந்த ஊரில் புளி இனிக்கிறது. பொய் இல்லை. ஓட்டை உடைத்துத் தின்றேன். அக்காவுக்கு ஒரு டப்பா வாங்கியிருக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

நாள் முழுக்க பஸ். வடக்கே சியாங் மாய் போகிறோம். முன் சீட்டு தினம் ஒருவருக்கு என்று பெலிக்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தார். இன்று என் முறை. நாகசுந்தரம் சார் விடிவதற்கு முன்பே போய்ப் பையை வைத்து உட்கார்ந்துவிட்டார். தனக்கு முழங்கால் வலி என்றார். அப்பாவுக்கும் முழங்கால் உண்டு என்று செல்வராணி சண்டைக்குப் போனாள். நான் தடுத்துவிட்டேன். பின்னால் உட்கார்ந்தாலும் ஊர் அதே ஊர்தான். மனிதர் தன் முறுக்கு டப்பாவை யார் கண்ணிலும் காட்டுவதில்லை. முன்னால் உட்கார்ந்து நறுக் நறுக்கென்று கடிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

மலையும் வயலும் மாறி மாறி வந்தன. ஜனங்கள் கை கூப்பித்தான் வணக்கம் சொல்கிறார்கள். டீக்கடைப் பெண்கூட. இவ்வளவு மரியாதை என் வாழ்நாளில் மொத்தமாகவே எனக்குக் கிடைத்ததில்லை.

நவம்பர் 12, புதன்

யானை பார்த்தோம். ஆற்றில் குளிப்பாட்டுகிறார்கள். நம்மையும் தேய்க்க விடுகிறார்கள். யானையின் முதுகில் முடி முள்ளு மாதிரி இருக்கிறது. செல்வராணி சின்னப் பிள்ளை மாதிரி தண்ணீரை வாரி அடித்தாள். அவள் புருசன் போன பிறகு அவளை இப்படி நான் பார்த்ததில்லை. இந்த நாடு நல்ல நாடு. வந்தவர்களைச் சிரிக்க வைத்துவிடுகிறது.

அக்கா இன்று அதிகம் பேசவில்லை. நான்தான் பேசினேன். யானையைச் சொன்னேன்.

"யானை இங்கயும் இருக்குடா. வேற சொல்லு" என்றாள்.

இனிப்புப் புளியைச் சொன்னேன். அந்த ஆற்றங்கரையில் இருபது வருசம் குடியிருந்தும் அவள் ஒரு தடவைகூடப் பாலம் தாண்டி வந்ததில்லையாம். எதற்கு என்று இருந்துவிட்டாளாம். இப்போதுதான் ஆசையாக இருக்கிறதாம். பேச்சுக்குப் பேச்சு மூச்சு வாங்கினாள்.

கடைசியாக, "நீ வந்து பாலத்துல நில்லு. நான் வந்துர்றேன்" என்றாள்.

இன்னும் ஒரு நாள்தான்.

நவம்பர் 13, வியாழன்

காலையில் செல்வராணிக்குப் போன் வந்தது. ஓட்டல் நீச்சல் குளத்துப் பக்கம் போய்ப் பேசினாள். நான் சாப்பாட்டு அறையில் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசி முடித்த பிறகும் அங்கேயே நின்றாள். திரும்பி வந்து தட்டில் எடுத்ததை அப்படியே வைத்துவிட்டாள். யார் என்று கேட்டேன். வீட்டிலிருந்து, தண்ணீர் மோட்டார் ரிப்பேராம் என்றாள். கண் சிவந்திருந்தது. குளத்து நீரில் மருந்து கலப்பார்களாம், அது கண்ணைக் கரிக்கும் என்று பெலிக்ஸ் முன்பு சொல்லியிருக்கிறார்.

பிறகு அவள் பெலிக்சோடு நெடுநேரம் பேசினாள்.

இன்றைக்கு எல்லாரும் என்னிடம் மிக நன்றாக நடந்துகொண்டார்கள். பெலிக்ஸ் என் பையைத் தானே தூக்கி வந்தார். காலேஜ் அம்மா வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த நாகசுந்தரம் சார் எழுந்து, "அண்ணே, நீங்க இங்க உக்காருங்க" என்றார். முறுக்கு டப்பாவையும் என் மடியில் வைத்துவிட்டுப் போனார். நான் அவரைத் தப்பாக நினைத்துவிட்டேன்.

வெள்ளைக் கோயிலைப் பார்த்தோம். சீனிப் பாகில் செய்த மாதிரி இருக்கிறது. வெயில் பட்டால் கண் கூசுகிறது. அந்தக் கோயிலுக்குப் போகும் வழியில் தரையிலிருந்து நூற்றுக்கணக்கான கைகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. சிமெண்டுக் கைகள்தான். எல்லாரும் படம் எடுத்தார்கள். என்னையும் நிறுத்தி எடுத்தார்கள்.

சாயங்காலம் அக்காவோடு பேச வேண்டும் என்றேன். அத்தை தூங்குகிறார்களாம் என்றாள் செல்வராணி. தூங்கட்டும், நாளை வெகுதூரம் வர வேண்டியவள் என்றேன். அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

நான் சேலையை எடுத்துப் பார்த்தேன். புதுத் துணி கொடுக்கும்போது முனையில் மஞ்சள் தொட்டு வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். கட்டிக்கொள்ளப் போகிறவர்களுக்கு அப்படி. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் வைப்போம். மற்றதற்கு வைக்கும் வழக்கம் இல்லை. ஊரில் நானே என் விரலால் வைத்திருந்தேன். இப்போது அந்த முனையில் மஞ்சள் இல்லை. துணி ஈரமாக இருந்தது. சோப்பு வாசம்.

மடித்துத் திரும்ப வைத்துவிட்டேன். இன்றைக்கு எழுத வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

மே சாய்.

பாலம் பூட்டியிருந்தது. அந்தப் பக்கம் ஏதோ சண்டை, நேற்று மாலையிலிருந்து யாரையும் விடவில்லை என்று பெலிக்ஸ் விசாரித்து வந்து சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எங்கள் ஆட்கள் வடகோடி என்று எழுதிய வளைவின் கீழே நின்று படம் எடுக்கப் போனார்கள். எடுத்தார்களோ என்னவோ, சத்தமே இல்லை.

நான் ஆற்றைப் பார்க்கலாம் என்றேன். பாலத்துக்குக் கீழே சந்து வழியாக இறங்கினோம். ஆறு என்று சொன்னார்கள். எங்கள் ஊர் வாய்க்காலைவிடக் கொஞ்சம் அகலம். அந்தக் கரையில் ஒரு வீட்டில் வெங்காயம் தாளிக்கும் வாசம் இந்தக் கரைக்கு வருகிறது. இவ்வளவுதான் தூரம்.

அந்தக் கரையில் ராசையா நின்றான். போனில் பார்த்த முகம்தான். கைலியும், மேலே துண்டும். சட்டை இல்லை. தனியாக நின்றான். கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். அக்கா எங்கே என்று அவன் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

ரப்பர் டியூபில் சாமான் வைத்து அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகிற ஆள் ஒருவன் இருந்தான். செல்வராணி பையிலிருந்து சேலையை எடுத்தாள். கொஞ்சம் பொறு என்றேன்.

சந்தில் ஒரு துணிக்கடை. கடைக்காரி கன்னத்தில் தனக்காச் சந்தனம் பூசிய பர்மாக்காரி. நே காவுங் லா, சுகமா என்று கேட்டேன். எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, அப்புறம் வார்த்தை வார்த்தையாய் வந்துகொண்டே இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீங்கள் சின்னப் பையன் பேசுகிற மாதிரி பேசுகிறீர்கள் என்றாள். பதினோரு வயதோடு நின்றுபோன பாஷை. அது வேறு எப்படிப் பேசும்?

என் அக்காவுக்குத் தமீன் வேண்டும் என்றேன். தமீன் என்றால் பர்மாப் பெண்கள் இடுப்பில் கட்டுவது. அக்கா இந்த அறுபது வருசமும் அதைத்தான் கட்டுகிறாள். போனில் எப்போது பார்த்தாலும் அதுதான். வயசு என்ன என்று கடைக்காரி கேட்டாள். எண்பது என்றேன். ஊதா, பழுப்பு என்று எடுத்துப் போட்டாள். நான் ரோஜா நிறத்தில் பூப்போட்டதைக் காட்டினேன். அது குமரிப் பெண்கள் கட்டுவது தாத்தா என்றாள். நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பத்தொன்பது என்றேன். அவள் அதையே எடுத்தாள். மடித்துக் கொடுத்தாள்.

பக்கத்துக் காய்கறிக் கூடையில் பச்சை மஞ்சள் கிழங்கு இருந்தது. ஒன்றை வாங்கி ஒடித்து, தமீன் முனையில் தேய்த்தேன். நன்றாகப் பிடித்தது.

செல்வராணி பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்பா" என்றாள்.

"மொதல்ல இது போகட்டும்மா. இது சீர். நான் ஒரு டீ குடிச்சுக்கிறேன். அப்புறம் அதக் கொடுப்போம்" என்றேன்.

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். எவ்வளவோ மூட்டை தூக்கிய தோள். இதுபோல் ஒன்று ஏறியதில்லை.

டியூப்காரன் தமீனையும் இனிப்புப் புளி டப்பாவையும் கொண்டுபோனான். ராசையா சேலை வரும் என்று எதிர்பார்த்திருப்பான். பிரித்துப் பார்த்தான். மஞ்சளைப் பார்த்தான். பிறகு தமீனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஆற்றைத் தாண்டிச் சத்தமாகச் சொன்னான்.

"அம்மாவுக்கு ரொம்பப் புடிக்கும், மாமா."

பிடிக்கும் என்றுதான் சொன்னான். நல்ல பிள்ளை.

டீக்கடைக்குப் போனேன். இங்கே டீயில் டப்பாப் பால் ஊற்றி ஐஸ் போட்டுத் தருகிறார்கள். ஆரஞ்சு நிறம். நான் சூடாகக் கேட்டேன். மெதுவாகக் குடித்தேன். என் அக்காவுக்கு நான் சீர் கொடுத்துவிட்டேன். அவள் வாங்கிக்கொண்டாள். வெறுங்கையோடு வந்தான் என்று இனி யாரும் சொல்ல முடியாது. வருசா வருசம் சீர் செய்வது எல்லாருக்கும் நடக்காது. எனக்கு ஒன்று நடந்தது. டீ நன்றாக இருந்தது. அதை ஆற விடாமலும் தீர விடாமலும் குடிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

தூரத்தில் பெலிக்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாகசுந்தரம் சார் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

பிறகு எழுந்து போய்ச் சேலையை என் கையாலேயே டியூபில் வைத்தேன். பச்சைச் சேலை, மஞ்சள் இல்லாதது. ராசையா இதைப் பிரிக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கித் தரையில் வைத்துவிட்டு, ஈர மணலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து என்னைக் கும்பிட்டான். எழுந்து சேலையைத் தலைமேல் வைத்துக்கொண்டு சந்துக்குள் போனான். அங்கே நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அவர்கள் யாரும் சட்டை போட்டிருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் செத்தால், பிறந்த வீட்டுக் கோடித் துணி வந்து மேலே போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள். வியாழன் காலையிலிருந்து ஐஸ் வைத்துக் காத்திருந்திருக்கிறார்கள்.

நவம்பர் 15, சனி

தலை முழுகினேன். செல்வராணியும் முழுகினாள். மற்றவர்கள் மூன்று நாடு சேரும் இடத்துக்குப் படகில் போனார்கள். நாகசுந்தரம் சார் போகவில்லை. முழங்கால் வலி என்றார். அவர் தலையும் ஈரமாக இருந்தது. என் பக்கத்தில் நாற்காலி போட்டு, மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார்.

செல்வராணி கேட்டாள், எப்போது தெரியும் என்று. சோப்பு வாசம் என்றேன். நீ செய்தது முறைதான், தப்பில்லை என்றேன்.

ராசையா பேசினான். நேற்று சாயங்காலம் எல்லாம் முடிந்ததாம். மஞ்சள் வைத்ததைப் போட்டு அனுப்பக் கூடாது என்று அங்கே பெரியவர்கள் தடுத்தார்களாம். "நான் கேக்கல மாமா. தமீனைக் கட்டிவிட்டு, மேல சேலையப் போத்தி அனுப்புனோம்" என்றான். நல்லது என்றேன்.

புளியை வந்தவர்களுக்குக் கொடுத்தானாம். யாரும் நம்பவில்லையாம், புளி இனிக்கும் என்று.

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். பஸ் புறப்படும் முன் நான் மட்டும் மறுபடி ஆற்றங்கரைக்கு இறங்கினேன். அக்கரையில் ராசையா இல்லை, அவனோடு வந்தவர்களும் இல்லை. கூப்பிடு தூரம்தான். அக்கா என்று கூப்பிட்டேன்.

அங்கே துணி அலசிக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி நிமிர்ந்தாள். யார் என்று தெரியாது. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து என்னைப் பார்த்தாள். பிறகு கையை ஆட்டினாள்.

நானும் ஆட்டினேன்.